நண்டு வரைந்த ஜெயலக்ஷ்மி

பெங்களூர் அடுகோடியில் கார் பட்டறைகளுக்கு நடுவே, ஒரு மாடியில் பல் செய்யும் லேப் இருக்கிறது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே பீங்கானில் பல் செய்து திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பற்களுக்கு நிறம் சேர்ப்பது ஜெயலக்ஷ்மியின் வேலை. கல்யாணமாகிக் காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் வந்த வருஷமே அங்கே சேர்ந்துவிட்டாள். பல் என்றால் வெள்ளை, அவ்வளவுதானே என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்வாள். காபி குடிக்கிறவரின் வெள்ளை வேறு, பீடி பிடிக்கிறவரின் வெள்ளை வேறு. சின்ன வயசுப் பெண்களின் பல் நுனியில் மட்டும் மெல்லிய நீலம் ஓடும். பீங்கான் பொடியைக் குழைத்து, நுனி கூர்ந்த தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, அடுப்பில் சுட்டெடுத்தால்தான் அதெல்லாம் வரும்.

லேப் முதலாளி சேஷகிரி ஒரு டிசம்பரில் எல்லோரையும் வேன் வைத்து மல்பே கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மற்றவர்கள் அலையில் குதித்துக் கூத்தடிக்க, ஜெயலக்ஷ்மி ஈரமணலில் உட்கார்ந்து ஒரு சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பால் நிறம், விளிம்பில் கொஞ்சம் ரோஜா, நடுவில் பெயர் சொல்ல முடியாத ஒரு சாம்பல். தினமும் நிறத்தோடு குடும்பம் நடத்துகிறவளுக்கே அது புதிதாக இருந்தது. வேனில் திரும்பும்போது கைப்பை நிறையச் சிப்பி. பெங்களூர் வந்த மறுநாளே விவேக் நகரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நீர்வண்ணப் பெட்டியும் கனமான காகிதமும் வாங்கினாள்.

அதுவரை அவள் படம் வரைந்ததில்லை. முதல் சிப்பிகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்தன. பல்லில் வெள்ளையை வைத்து வைத்துப் பழகிய கை, காகிதத்திலும் வெள்ளைச் சாயத்தை அப்பிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவளுக்குப் புரிந்தது. நீர்வண்ணத்தில் வெள்ளையை வைக்கக்கூடாது, விட்டுவைக்கவேண்டும். சுற்றியுள்ள நிழலைப் போட்டுவிட்டு நடுவில் காகிதத்தைத் தொடாமல் நகர்ந்தால், சிப்பி தானாக எழுந்து உட்கார்ந்தது. அன்றைக்கு ராத்திரி சாம்பாரில் உப்பில்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. ரகு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டான்.

ரகு அவள் கணவன். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். இரண்டு பேரும் பரம்பரையாகச் சைவம். கேக்கைக்கூட முட்டை இல்லையென்று விசாரித்துவிட்டுத்தான் தொடுவார்கள். ஆகவே, கொண்டுவந்த சிப்பிகளையெல்லாம் வரைந்து தீர்த்த ஜெயலக்ஷ்மி, மீன் கடைக்குப் போகிறேன் என்றபோது அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான்.

"எதுக்கு?"

"வரையத்தான். கடல் இங்கருந்து எவ்ளோ தூரம். அங்க இருக்கறதெல்லாம் தினமும் ஐஸ்ல வெச்சு இங்க வருது. நான் போய்ப் பாத்தா என்னங்க?"

ரகு யோசித்தான். "நீ வரை, நான் வேணாங்கல. ஆனா அது எதுவும் நம்ம வாசல தாண்டி வரக்கூடாது."

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஆம்ப்ரோஸின் மீன் கடை. ஆம்ப்ரோஸ் அந்தத் தெருவிலேயே பிறந்தவர். பேசும்போது தமிழில் கன்னடம் வந்து விழும், அதற்குப் பின்னால் இந்துஸ்தானி வந்து நிற்கும். ஜெயலக்ஷ்மி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒரு சங்கரா மீனையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அவரே கேட்டார்.

"அக்கா, வாங்கறதா இருந்தா சொல்லுங்க. சும்மா பாக்கறதா இருந்தாலும் சொல்லுங்க."

"நாங்க சாப்பிடறதில்லங்க. வரையலாமான்னு பாக்கறேன்."

"வரைஞ்சா மீனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

"அப்ப ஸ்டூல் போடறேன், உக்காருங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. பூசை முடிந்து வரும் கூட்டம் வடிந்த பிறகு, ஞாயிறுதோறும் ஜெயலக்ஷ்மி கடையோரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். முந்தானை மூக்கிலிருந்து முதலில் தோளுக்கு வந்தது, பிறகு இடுப்பில் செருகப்பட்டது. மத்தியின் முதுகில் ஓடும் பச்சை, வவ்வால் மீனின் வெள்ளிமேல் படிந்த ஊதா, இறாலின் மீசையில் தெரியும் செம்மண் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ஒரே சிரமம், பாதி வரைந்துகொண்டிருக்கும்போது மீன் விற்றுப்போய்விடும். ஆம்ப்ரோஸ் அதற்கும் வழி செய்தார். ஒரு நாள் ஒரு அம்மாள் வஞ்சிரத்தைக் காட்டி, "அத வெட்டுப்பா" என்றபோது அவர் கத்தியை எடுக்கவில்லை.

"சொல்ப இருங்கம்மா. அதுக்கு இன்னும் வால் ஆகல."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயலக்ஷ்மியின் பக்கம் வந்து எட்டிப்பார்த்தாள். பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, வால் ஆகும்வரை நின்றாள். "துடுப்புல இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கு" என்றும் சொன்னாள். அது சரியாகவே இருந்தது.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. அதற்கப்புறம்தான் நண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில், ஆம்ப்ரோஸ் கடையில் ஒரு கூடை சேற்று நண்டு இறங்கியிருந்தது. உயிரோடு, கொடுக்கைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் ஓடு கரும்பச்சை. கொடுக்கின் மூட்டில் மட்டும் தணல் மாதிரி ஆரஞ்சு. ஞாயிறுவரை இருக்காது, எல்லாம் போய்விடும் என்றார் ஆம்ப்ரோஸ். மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு லீவு, ரகுவுக்கு வேலை.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கக்கா. ஈரத்துணில சுத்தி ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வெச்சா தூங்கிடும். வரைஞ்சிட்டு கொண்டாந்து குடுங்க."

ஜெயலக்ஷ்மி தெருமுனைவரை போனாள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அது கொள்ளும்படியாக இருந்தது ரகுவின் அகலமான எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாதான். ஜோடியாக வாங்கியது. ஒன்றில் மறுநாளைக்கான தயிர்சாதத்தைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். இன்னொன்றில் ஈரத்துணி சுற்றிய நண்டை வைத்து, மூடியைத் தளர்வாகப் போட்டு, கீழ்த்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால் தள்ளினாள். காலையில் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருக்க, ரகு கீரை எடுத்து மேலே வைத்தானோ என்னவோ, கையில் பட்ட டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டான்.

மதியம் கேன்டீனில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, ரகு டப்பாவைத் திறந்தான். துணி விலகியிருந்தது. காம்பின்மேல் வைத்த மாதிரி இரண்டு கண்கள் மெல்ல எழுந்து அவனைப் பார்த்தன. பிறகு ஒரு கால், சோம்பல் முறிப்பதுபோல, டப்பாவின் விளிம்புக்கு வந்தது.

பக்கத்திலிருந்த ரவிக்குமார் தன் ராகிக்களி உருண்டையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, "என்னப்பா ரகு, இதெல்லாம் எப்பலேர்ந்து சாப்பிடறே?" என்றான்.

ரகு மூடினான். எழுந்து வராந்தாவுக்குப் போனான். மூச்சு முட்டுமே என்று தோன்றி, மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தான். பிறகு மனைவிக்குப் போன் செய்தான்.

"ஜெயா."

"சாப்ட்டீங்களா?"

"இல்ல. அது என்னையே பாக்குது."

ஜெயலக்ஷ்மி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தயிர்சாதம் இருந்தது. எதுவும் வாசல் தாண்டி வரக்கூடாது என்றிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் வைத்த ஒரே நிபந்தனை அது. சாயங்காலம் என்ன சொல்வது என்று பல விதமாக ஒத்திகை பார்த்தாள். எதுவும் சரியாக இல்லை.

அவனோ மூடி திறந்த டப்பாவை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக உள்ளே வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தான்.

"தண்ணி எதாவது வேணுமா இதுக்கு? காலைலேருந்து ஒண்ணுமே இல்ல."

அவள் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டாள். "உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருந்துது. மடிவாளா சிக்னல் வரைக்கும் இருந்துது." அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "ஒரு மணி நேரம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே வந்தோம். அப்புறம் என்ன பண்றது, சொல்லு. சரி, வரை. இருட்டிடப்போகுது."

அவள் ஜன்னலோரம் காகிதத்தை ஒட்டி வரைய ஆரம்பித்தாள். ரகு டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். அவள் வரைவதை அவன் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தது அன்றுதான். தண்ணீர் பாய்ந்த இடத்தில் பச்சை தானாகப் பரவுவதையும், அவள் அதைத் தடுக்காமல் சரியான இடத்தில் ஒற்றி நிறுத்துவதையும் பார்த்தான். கடைசியில், "காலோட ஓரத்துல ஒரு ஊதா இருக்கு. நீ விட்டுட்ட" என்றான்.

இருந்தது. அவள் போட்டாள்.

"முடிச்சாச்சு. இனி இத என்ன செய்வ?"

"ஆம்ப்ரோஸ் அண்ணன்கிட்ட திருப்பிக் குடுத்துடுவேன்."

"அவர் என்ன செய்வார்?"

ஜெயலக்ஷ்மி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதில் இருவருக்கும் தெரிந்ததுதான்.

ஞாயிறு காலை இருவருமாகக் கடைக்குப் போனார்கள். நண்டை அதன் தண்ணீரிலேயே கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று கேட்ட ஆம்ப்ரோஸ் கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டு ரகுவை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், கூடையில இன்னும் அஞ்சாறு இருக்கு. எல்லாத்தையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

"எனக்குப் பழக்கம் இது ஒண்ணுதான்" என்றான் ரகு.

ஆம்ப்ரோஸ் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப்பார்த்தார். ஆனால் வழியைச் சொன்னதும் ஆம்ப்ரோஸ்தான். இது மேற்குக் கடற்கரையில், குந்தாப்புராப் பக்கத்துக் கழிமுகத்தில் பிடித்தது. சாயங்காலம் கார்வார் ரயிலில் ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். ஒரு வாளியில் எடுத்துப்போகலாம், ஆனால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் செத்துப்போகும். நனைத்த கோணி போதும். கோணியையும் அவரே நனைத்துக் கொடுத்தார். லீவு எடுக்கவே தெரியாத ரகு அன்று மேனேஜருக்கு, ஊரில் ஒருவரைக் கொண்டுபோய் விடவேண்டியிருக்கிறது என்று மெசேஜ் அனுப்பினான்.

ரயிலில் எதிர் இருக்கையில் லட்சுமம்மா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தாள். ஒயிட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, குந்தாப்புராவுக்குப் பக்கத்தில் ஆற்றோரத்திலிருக்கும் தன் ஊருக்குத் திரும்புகிறவள். வாளிக்குள் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டு, "ஏனு இது?" என்றாள். ஜெயலக்ஷ்மி கன்னடத்தில் விவரத்தைச் சொன்னாள். லட்சுமம்மா முதலில் நம்பவில்லை. கோணியைத் தூக்கிப் பார்த்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் ஊரிலிருந்து நண்டு பெங்களூருக்குப் போகும், பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்கு நண்டு வந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். தன் கையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் குழம்பாக்கிவிடுவேன் என்றும் சொன்னாள். ரகு வாளியைத் தன் காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டான். லட்சுமம்மா அதைப் பார்த்து மறுபடி சிரித்து, "பயப்படாதீங்க. நானே இடம் காட்டறேன். ரோட்டோரமா விட்டீங்கன்னா யாராவது பிடிச்சிக்குவாங்க" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். காலையில் ஆட்டோவில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இட்லி கொடுத்து, தம்பி கோவிந்தப்பாவின் படகில் ஏற்றிவிட்டாள். ஆறுகள் ஒன்றுகூடிக் கடலைத் தொடும் இடம் அது. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. கரையோரம் அலையாத்தி மரங்கள் வேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றன. கோவிந்தப்பா நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, கொடுக்குக் கட்டை அறுத்து, சேற்றில் இறக்கினார்.

நண்டு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இரண்டு கொடுக்கையும் விரித்து மூன்று பேரையும் மிரட்டியது. மிரட்டியபடியே பின்வாங்கி, ஒரு வேரின் அடியில் புகுந்து காணாமல்போனது. நன்றியென்று ஒன்றுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

ரகு கேட்டான். "வரைஞ்சியா?"

"இல்லங்க. பாத்துட்டே இருந்துட்டேன்."

"நானும் போட்டோ எடுக்கல."

படகைக் கோவிந்தப்பா ஒரு மணல்திட்டில் ஒதுக்கினார். அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவிச் சிப்பி எடுத்து, மிதக்கும் பானைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயலக்ஷ்மி மடியில் அட்டையை வைத்துக்கொண்டு முதன்முறையாக மீனையும் நண்டையும் விட்டு, ஒரு முழு ஆற்றை வரைய உட்கார்ந்தாள்.

வானத்துக்கு நீலம் போட்டாள். காய்வதற்காகக் காத்திருந்தாள். அது காயவில்லை. பெங்களூரில் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே காற்றே ஈரம். பொறுக்காமல் ஆற்றின் பச்சையைப் போட்டாள். வானம் இறங்கி வந்து ஆற்றில் கலந்தது. தென்னைகளை வைத்தால் அவையும் வழிந்தன. ரகு துண்டை எடுத்து விசிறினான். பிரயோஜனமில்லை. சிப்பி எடுக்கும் பெண்களில் ஒருத்தி தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நனைஞ்சு போச்சே" என்றாள்.

ஜெயலக்ஷ்மிக்கு முதலில் அழுகை வரும்போல இருந்தது. தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. தென்னைகள் தலைகீழாகத் தண்ணீருக்குள் வழிந்துகொண்டிருந்தன. அவள் துண்டை ரகுவின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"விசிற வேணாங்க. அது சரியாத்தான் போகுது."

அன்று மாலைக்குள் நாலு படம் வரைந்தாள். ஒன்றுகூடக் காயவில்லை. ஈரத்தோடு லட்சுமம்மா வீட்டுக் கட்டிலில் பரப்பி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து, இது என் படகு, இது எங்கள் மாமரம் என்று சொந்தம் கொண்டாடினார்கள். மரம் மாமரம் இல்லை, தென்னைதான். ஜெயலக்ஷ்மி மறுக்கவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தால் அவர்கள் கடலோரம்தான். குந்தாப்புரா, மல்பே, ஒருமுறை கார்வார். ரகு குடை பிடிப்பான், தண்ணீர் மாற்றுவான், நிறம் விட்டுப்போனால் சொல்வான். இருவரும் இன்றுவரை மீன் சாப்பிட்டதில்லை. லட்சுமம்மா அவர்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் சாம்பார் வைக்கிறாள், வருத்தத்தோடுதான் வைக்கிறாள். லேபில் சேஷகிரி தன் மேசைக்கு எதிரே ஒரு ஆற்றை மாட்டியிருக்கிறார். பல் அவசரமாக வேண்டும் என்று கத்த வருகிற டாக்டர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள் என்பது அவர் கட்சி.

போன மாதம் ஆம்ப்ரோஸிடம் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, வாழ்நாளெல்லாம் மீன் விற்றவர் கடலைப் பார்த்தது வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனபோது மட்டும்தான். அதுவும் கூட்டத்துக்கு நடுவில். "கடைய யார் பாத்துக்கறது" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவர் மனைவி பிலோமினா பையை எடுத்துவிட்டாள்.

அடுத்த லீவில் நால்வருமாக மல்பே போய் இறங்கினார்கள். விடிந்ததும் அங்கே மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். வலை கரைக்கு வந்ததும் அதற்குள் துள்ளிய மீன்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஏ, மத்தி. அட, காரப்பொடி. பிலோ, இங்க பாரு, வவ்வால். இதெல்லாம் இப்படியா குதிக்கும்?" ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு அலை வந்து இடுப்புவரை நனைத்தது. அவர் கரையேறாமல், கயிற்றையும் விடாமல், மீனுக்கு மீன் நகர்ந்துகொண்டிருந்தார். பிலோமினா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஜெயலக்ஷ்மி அட்டையை எடுத்து வைத்து வேகமாக வரைந்தாள். காகிதத்தில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாக நுரை. அதற்கு நடுவில் கயிற்றைப் பிடித்தபடி நீலச்சட்டையில் ஒரு கனத்த மனிதர்.

ரகு தோளுக்குமேல் எட்டிப்பார்த்தான். "தலை கொஞ்சம் சின்னதா இருக்கு."

"ஒரு இடத்துல நின்னாதானே" என்றாள் அவள். தூரிகையைத் தண்ணீரில் அலசி, இன்னும் கொஞ்சம் நீலம் தொட்டுக்கொண்டாள்.